ஒற்றைக் கோடு

காரைக்குடி

அன்புள்ள சுப்பையா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்குச் சித்திரை முடிந்தும் பதில் போடாதவன் நான். திட்டுவதானால் திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் நலம். அப்பத்தா உனக்கென்று சுட்ட மணகோலம் தனியே வருகிறது.

எழுத வைத்தது பாஸ்பரஸ்தான். பீனைல் டைகுளோரோபாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் சேர்மத்தோடு மெந்தாலைச் சேர்த்து, பிறகு நீர் விட்டால், பாஸ்பரஸின் வலக்கை வடிவமும் இடக்கை வடிவமும் கலந்தே வரும். மெந்தால் ஒரே கையுடையது என்பதால் அவ்விரண்டும் வெறும் ஆடிப் பிம்பங்களாக நில்லாமல் கரைதிறனிலும் வேறுபடுகின்றன. குளிரவைத்தால் ஒன்று முதலில் படிகமாக இறங்க வேண்டும். எனக்கு நான்கு மாதமாகத் தேன்பாகுதான் இறங்கியது. மாசியில் ஒருநாள் காலை பனிப்பெட்டியைத் திறந்தபோது குடுவையின் சுவரில் ஊசி ஊசியாக வெள்ளை. மேலும் மூன்று முறை படிகமாக்கியபின், வடிவத்துக்கொரு கோடு காட்டும் பாஸ்பரஸ் என்எம்ஆர் கருவியில் இரண்டு கோடுகள் இருந்த இடத்தில் ஒரே கோடு! விடுதியில் உப்புமாவுக்குக் கைதட்டினோமே, அப்படித் தனியே நின்று கைதட்டினேன்.

அதனோடு வினைல்பென்சைல் குளோரைடைச் சேர்த்து, ஸ்டைரீன் வால் கொண்ட மோனமரையும், அதாவது பாலிமர்ச் சங்கிலியின் ஒற்றைக் கண்ணியையும், பெற்றேன். அமெரிக்க வேதியியலாளர் நோல்ஸ், இப்படிக் கையுள்ள பாஸ்பரஸையே மையமாகக் கொண்ட டைபாம்ப் என்னும் சேர்மத்தை வைத்து, நடுக்குவாத மருந்தான எல்-டோபாவுக்கு வழி கண்டு 2001இல் நோபலில் பங்கு பெற்றார். அத்தகைய பாஸ்பரஸைப் பாலிமரில் கட்டிவிட்டால் வினையூக்கியை வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம் என்பதே என் ஆசை. காற்றில் மடங்கும் குடையாக நொடிக்கு நொடி புரளும் நைட்ரஜனைப்போல் இல்லாமல், அறை வெப்பத்தில் தன் வடிவத்தை விடாத தனிமம் அல்லவா இது.

இனி நீ சிரிக்க வேண்டிய இடம். கடைசிச் சொட்டுக் கரைப்பானையும் போக்கும் பேராசையில், மோனமர் தானே சங்கிலியாகக் கோத்துக்கொள்வதைத் தடுக்கும் ஹைட்ரோகுயினோன் ஒரு சிட்டிகைகூடப் போடாமல், எழுபது டிகிரி எண்ணெய்த் தொட்டியில் இரவு முழுவதும் வெற்றிடப் பம்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உறங்கினேன். காலையில் குடுவையைக் கவிழ்த்தேன், ஒன்றும் விழவில்லை. கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது. கரைத்து என்எம்ஆர் எடுத்தால் கோடு இல்லை, மேடுதான். அதற்குள் எத்தனை கை என்று எவராலும் சொல்ல இயலாது.

வளவுக்குத் தரைக்கல் வாங்க ஆத்தங்குடி போயிருந்தேன். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றுகிறார்கள். ஊற்றும்போது வலப்பக்கம் வளைந்த கொடி, கல்லைப் புரட்டியதும் இடப்பக்கம் வளைகிறது. எதிர்க்கையான கல்லொன்று தரையில் கலந்தால் கொடி ஒன்றோடொன்று இணையாது. கொத்தனார் அதை மட்டும் பெயர்த்துவிடுவார். என் சங்கிலியில் எதிர்க்கை மோனமர் ஒன்று ஏறினால் எந்தக் கொத்தனாரும் பெயர்க்க முடியாது. படிகமாக்கித் திருத்துவதெல்லாம் மோனமராக இருக்கும்வரைதான்.

ஆகையால், என் ஒற்றைக் கோட்டையே இப்போது சந்தேகிக்கிறேன். அதன் அடியில் நூற்றில் ஒரு பங்கு எதிர்க்கை ஒளிந்திருந்தாலும் எங்கள் பழைய கருவிக்குத் தெரியாது. உன் கல்லூரியில் கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி நன்றாக ஓடுகிறது என்றாயே; புதிதாகச் செய்த மோனமரில் அரை கிராம் அனுப்புகிறேன், ஓட்டிப் பார்த்து எண்ணைச் சொல். இம்முறை ஹைட்ரோகுயினோன் போட்டிருக்கிறேன். ஆனாலும் வந்தவுடன் பனிப்பெட்டியில் வை, மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடாதே.

அன்புடன்,
மெய்யப்பன்