சர்வர் அறை ஏசி பராமரிப்பில் நேர்ந்த குறைபாடு குறித்த புகார்

அனுப்புநர்:
நிர்வாக அலுவலர்,
இரத்தப் பரிசோதனைக் கூடம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
குளிர்சாதனப் பராமரிப்பு நிறுவனம்.

நாள்: 26.05.2025

பொருள்: சர்வர் அறை ஏசிகள் இரண்டும் இயங்காமல் போனது – சோதிக்காத மாற்று ஏற்பாட்டைச் சோதித்ததாக அறிக்கை அளித்தது – பழுது நீக்கமும் இழப்பீடும் கோருவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் கூடத்தின் சர்வர் அறையில் உள்ள இரண்டு 1.5 டன் ஸ்பிளிட் ஏசிகளையும், அவற்றை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி இயக்கும் டைமர் கருவியையும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி தங்கள் நிறுவனமே கவனித்து வருகிறது. ஒரு ஏசி நின்றாலோ அறை வெப்பம் 28 பாகை செல்சியஸைத் தாண்டினாலோ மற்ற ஏசி தானாக இயங்க வேண்டும் என்பதும், அப்போதே எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வர வேண்டும் என்பதும் இந்த ஏற்பாட்டின் நோக்கம். தேவைப்பட்ட ஒரே இரவில் இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

மே 10ஆம் தேதி சனிக்கிழமை நள்ளிரவு கடந்து 1.12 மணிக்கு மின்சாரம் போனது. ஒரு நிமிடத்துக்குள் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. சர்வர்களை யுபிஎஸ் தாங்கியது. ஆனால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த முதல் ஏசி மின்சாரம் திரும்பிய பின்னும் நின்றது நின்றபடியே இருந்தது. இரண்டாவது ஏசியும் இயங்கவில்லை. ஏறத்தாழ 3 கிலோவாட் மின்சாரத்தை இடைவிடாமல் வெப்பமாக மாற்றும் கருவிகள் 10க்கு 12 அடி அளவுள்ள மூடிய அறையில் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சர்வர்கள் தாமே பதிந்து வைத்துள்ள கணக்கின்படி, உள்ளே நுழையும் காற்றின் வெப்பம் 1.12க்கு 24 பாகை, 1.30க்கு 35 பாகை, 2.15க்கு 41 பாகை. 3.40 மணிக்கு 47 பாகையைத் தொட்டபோது முதல் சர்வர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் மற்றவையும் அணைந்தன. இத்தகைய கருவிகளுக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரே (ASHRAE) என்னும் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர்கள் அமைப்பின் பரிந்துரை. தங்கள் விலைப்புள்ளியிலும் அதே வரம்பைக் குறிப்பிட்டிருந்தீர்கள்.

எங்களுக்கு இதைத் தெரிவித்தவர் இரவுக் காவலர். சர்வர் விசிறிகள் வழக்கத்துக்கு மாறாக இரைவதைக் கேட்டு, கதவைத் திறந்து, வரவேற்பறையில் இருந்த மின்விசிறியை வாசலில் வைத்துவிட்டு, நான்கு மணிக்கு என்னை அழைத்தார். கருவிகள் செய்யத் தவறியதை அவர் தம்மால் இயன்றவரை செய்தார். எச்சரிக்கைக் குறுஞ்செய்தி உரிய நேரத்தில் அனுப்பப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால், அது சென்றது தங்கள் நிறுவனத்திலிருந்து விலகிவிட்ட ஒரு டெக்னீஷியனின் எண்ணுக்கு. நிறுவும்போது எங்கள் எண்ணைப் பதியுமாறு கேட்டிருந்தோம்.

விடிந்ததும், வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனைக்காக வந்தவர்களின் விவரங்களைக் கையால் எழுதி, முடிவுகளையும் கையால் எழுதிக் கொடுத்தோம். பழைய முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நோயாளிகளுக்கு அந்த ஒப்பீடு பிற்பகல் வரை கிடைக்கவில்லை. எண் ஒன்று மாறினாலும் மருந்தின் அளவு மாறக்கூடிய தொழில் இது என்பதால், அன்று எழுதிய ஒவ்வொரு தாளையும் இருவர் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதே வாரத்தில் சேமிப்பகத்தின் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாயின. வேறிடத்தில் நகல் வைத்திருந்ததால் தரவு எதையும் இழக்கவில்லை.

மே 12ஆம் தேதி வந்த தங்கள் பொறியாளர் எங்கள் முன்னிலையில் கண்டறிந்தவை இரண்டு. முதல் ஏசியில் தாங்கள் மார்ச் மாதத்தில் மாற்றிய பிசிபி போர்டில் (ஏசியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையில்), மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் வசதி முடக்கப்பட்ட நிலையிலேயே விடப்பட்டிருந்தது. இரண்டாவது ஏசியை எழுப்ப வேண்டிய வெப்ப உணரியின் ஒயரோ, டைமரிலிருந்து கழற்றப்பட்டு, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, உட்புற யூனிட்டின் பின்னால் தொங்கவிடப்பட்டிருந்தது. ஆனால், ஏப்ரல் 22ஆம் தேதியிட்ட சர்வீஸ் அறிக்கையில் "மாற்று இயக்கம் சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது" என்று எழுதிக் கையொப்பமும் இடப்பட்டுள்ளது. போர்டு பழுதாகலாம், ஒயர் கழன்றும் போகலாம். அவற்றை நான் பெரிதுபடுத்தவில்லை. செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதியதுதான் எங்களை ஏமாற்றியது. அந்த வரியை நம்பித்தான் அக்னி நட்சத்திர நாட்களில் வேறு முன்னேற்பாடு எதையும் செய்யாமல் இருந்தோம்.

இதற்குத் தங்கள் அலுவலகம் மே 19ஆம் தேதி அனுப்பிய பதில் இரண்டு காரணங்களைச் சொல்கிறது. மின்தடை ஒப்பந்தத்தில் அடங்காது என்பது ஒன்று. தடை ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. மின்சாரம் இருந்தும் ஏசிகள் இயங்காததே எங்கள் புகார். அறையின் வெப்பச்சுமை அதிகம் என்பது மற்றொன்று. 1.5 டன் என்பது ஏறத்தாழ 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். யுபிஎஸ் காட்டும் சுமை 3.1 கிலோவாட். மேற்கு வெயிலில் நிற்கும் அவுட்டோர் யூனிட்டின் திறன் பிற்பகலில் குறையும் என்பது உண்மையே. இது நடந்ததோ பின்னிரவில். மேலும், அறையை அளந்து இந்த அளவைத் தேர்ந்தெடுத்தவர்களும் தாங்களே.

ஆகவே, முதல் ஏசியின் போர்டைச் சரிசெய்து, வெப்ப உணரியை மீண்டும் இணைத்து, எங்கள் ஊழியர் முன்னிலையில் பிரேக்கரை அணைத்துப் போட்டு, ஒவ்வொரு ஏசியும் தானாக எழுவதைக் காட்ட வேண்டும். அறையைச் சூடாக்கி இரண்டாவது ஏசி இயங்குவதையும் அவ்வாறே காட்ட வேண்டும். எச்சரிக்கை எங்கள் மூன்று எண்களுக்கு வர வேண்டும். தூசி படிந்துள்ள இரு கண்டன்சர்களையும் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளின் விலையையும் ஏப்ரல் மாத சர்வீஸ் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். யுபிஎஸ் பேட்டரிகளும் அதே வெப்பத்தில் இருந்தன. ஓர் இரவில் அவை கெட்டுவிட்டன என்று நான் சொல்லவில்லை என்பதால், அவற்றுக்கு இழப்பீடு கேட்கவில்லை, சோதித்துத் தருமாறு மட்டுமே கேட்கிறேன்.

சர்வர் பதிவுகளின் அச்சுப்படி, ஏப்ரல் அறிக்கையின் நகல், தொங்கிய ஒயரின் நிழற்படம், ஹார்ட் டிஸ்க் ரசீதுகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் ஒப்பந்தத்தின் தகராறு தீர்வுப் பிரிவின்படி நடவடிக்கை எடுப்போம். பிரேக்கர் சோதனைக்கு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் ஆள் அனுப்பினால் நோயாளிகளுக்கு இடையூறு இராது.

இப்படிக்கு,
நிர்வாக அலுவலர்