நாயோடு கடல் கடக்க வழி விடுங்கள்: கப்பல் நிறுவனங்களுக்கும் விதி வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

பயணிகள் கப்பல் நிறுவனங்களின் நிருவாகத்தினருக்கும், வளர்ப்பு விலங்குகளின் வருகைக்கான விதிகளை வகுக்கும் அரசுத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

வளர்ப்பு நாயுடன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் செல்ல வேண்டியவர் விமானத்தைத் தவிர்க்க விரும்பினால், அவருக்கு எஞ்சியிருக்கும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கப்பலில் அவருக்கு இடம் உண்டு; நாய்க்கும் சில கப்பல்களில் இடம் உண்டு. ஆனால் இருவரும் சேர்ந்தே இருப்பதற்கு இடம் தரும் கப்பல்கள் மிகச் சிலவே. அந்தச் சில கப்பல்கள் ஏற்கெனவே செய்துவருவதை மற்றவர்களும் செய்யுங்கள் என்றும், விமானத்தின் வேகத்தைக் கணக்கில் கொண்டு எழுதப்பட்ட விதிகளில் கப்பலுக்கும் இடம் கொடுங்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

விமானத்தைத் தவிர்ப்பது வீண் செல்லம் என்று எண்ணுவோர் உண்டு. பல விமான நிறுவனங்கள் பையின் எடையும் சேர்த்து ஏறக்குறைய 8 கிலோவுக்குள் இருக்கும் சிறு நாய்களை மட்டுமே பயணிகள் பகுதியில் அனுமதிக்கின்றன. அதற்கு மேற்பட்டவை கூண்டில் அடைக்கப்பட்டு விமானத்தின் அடிப்பகுதிக்குப் போக வேண்டும். நாய் மனிதரைப் போல உடல் முழுதும் வியர்த்துத் தணிவதில்லை. மூச்சிரைத்தே தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூக்குத் துளைகள் குறுகியவை, அண்ணத்தின் மென்பகுதியோ நீண்டு மூச்சுப்பாதையை அடைப்பது. வெயிலில் காய்ந்த ஓடுதளத்தின் ஓரத்தில் கூண்டுக்குள் காத்திருக்கும் நேரம் அவற்றுக்கு உயிராபத்தாகவே முடியலாம். அதனாலேயே இவ்வினங்களை ஏற்ற மறுக்கும் விமான நிறுவனங்கள் பல. மயக்க மருந்து கொடுத்து அனுப்பலாமே என்றால், அது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் பாதிக்கும் என்பதால் கால்நடை மருத்துவர்களே பொதுவாக வேண்டாம் என்கிறார்கள். என் வீட்டு நாயும் தட்டை மூக்கு இனம்தான், வயதும் ஆகிவிட்டது. அதைச் சரக்கறையில் ஏற்ற வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அதை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகும் எண்ணம் எங்களுக்கு ஒரு கணமும் எழவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றன.

அப்படிப்பட்டவர்கள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க வேண்டுமானால், முறையான பயணிகள் சேவையாக அவர்கள் நம்பியிருப்பது குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2 என்ற ஒரே கப்பலைத்தான். 2016இல் அக்கப்பல் புதுப்பிக்கப்பட்டபோது நாய், பூனைகளுக்கான கூண்டுகளின் எண்ணிக்கை உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 2,700 பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் 24 கூண்டுகள். அவையும் நெடுநாள் முன்பே நிரம்பிவிடுகின்றன. ஒரு சமுத்திரம் முழுவதற்கும் இவ்வளவுதான் இடம் என்பதை நீங்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கப்பலில் நாய்களைக் கவனிக்கவே பணியாளர் இருக்கிறார். அவை உலவுவதற்குத் திறந்தவெளித் தளம் இருக்கிறது. காலைத் தூக்கி நிற்க ஒரு விளக்குக் கம்பத்தையும் ஒரு தீயணைப்புக் குழாயையும்கூட அங்கே நட்டுவைத்திருக்கிறார்கள். இந்த அக்கறையை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் உரிமையாளர் குறித்த நேரங்களில் மட்டுமே போய்ப் பார்க்கலாம். நாயைத் தம் அறைக்கு அழைத்துவர முடியாது. அட்லாண்டிக்கைக் கடக்க ஆகும் ஏழு இரவுகள் என்பது தனித்துறங்கிப் பழகாத ஒரு கிழட்டு நாய்க்கு நீண்ட காலம்.

அறையிலேயே உடன் வைத்துக்கொள்வது நடக்காத காரியமா? நடந்துகொண்டுதான் இருக்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்திலிருந்து ஸ்பெயினின் சான்டாண்டர், பில்பாவோ துறைமுகங்களுக்குச் செல்லும் பிரிட்டனி ஃபெர்ரீஸ் கப்பல்களிலும், நியூகாசிலிலிருந்து ஆம்ஸ்டர்டாம் அருகிலுள்ள ஐமாய்டனுக்குச் செல்லும் டிஎஃப்டிஎஸ் கப்பல்களிலும், ஹார்விச்சிலிருந்து நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்துக்குச் செல்லும் ஸ்டெனா லைன் கப்பல்களிலும் நாயுடன் தங்குவதற்கென்றே அறைகள் உண்டு. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே ஓடும் இரவுக் கப்பல்களிலும் அப்படியே. கம்பளம் விரிக்காத, துடைத்தெடுக்க எளிதான தரை. அதற்கெனத் தனிக் கட்டணம். இவ்வளவுதான் ஏற்பாடு. இந்தத் தடங்களில் இது வழக்கமான சேவையாக ஆண்டுக்கணக்கில் நடந்துவருகிறது. உலகின் மற்றத் தடங்களில் கேட்டால் மட்டும் இயலாது என்ற விடை எப்படி வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

நான் மிகுந்த வருத்தத்தோடு சுட்டிக்காட்ட விரும்புவது, காரில்லாதவர்களின் நிலையை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான கடலடிச் சுரங்கத்தில் ஃபோக்ஸ்டனிலிருந்து கலே வரை செல்லும் வாகன ரயிலில், 35 நிமிடப் பயணம் முழுவதும் நாய் உங்கள் காருக்குள் உங்கள் பக்கத்திலேயே இருக்கலாம். நாய்க்கு இதைவிட இதமான ஏற்பாடு வேறில்லை. ஆனால் கார் இல்லாதவருக்கு அந்த ரயிலில் இடமில்லை. அதே சுரங்கத்தில் ஓடும் யூரோஸ்டார் பயணிகள் ரயிலில் உதவி நாய்களைத் தவிர வேறு எந்த நாயும் ஏற முடியாது. மேலே அதே நீரிணையைக் கடக்கும் குறுந்தடக் கப்பல்களில் பெரும்பாலானவை, நடந்து ஏறும் பயணி நாயுடன் வந்தால் ஏற்பதில்லை. ஆகவே, நல்ல உடல்நலமும் முறையான தாள்களும் உள்ள ஒரு நாயை அந்தச் சிறிய நீர்ப்பரப்பின் மறுகரைக்குக் கொண்டுசெல்ல, கார் ஓட்டத் தெரியாத முதியவர் ஒருவர் வாடகைக்காரை அமர்த்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதற்கென்றே வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். நாயுடன் நடந்து ஏறுபவரை ஹார்விச் தடத்தில் ஏற்க முடிகிறது என்றால், தோல்வாரும் வாய்ப்பூட்டும் அணிந்த நாயை மற்றத் துறைமுகங்களின் பயணிகள் பாலத்தில் அழைத்துச் செல்வதில் என்ன தடை இருக்க முடியும்?

காரில் வருவோருக்கும் எல்லாம் எளிது என்று சொல்ல மாட்டேன். பல கப்பல்களில் நாய் கீழ்த்தளத்தில் நிறுத்தப்பட்ட காருக்குள்ளேயே இருக்க வேண்டும். கப்பல் புறப்பட்டபின் அத்தளம் பயணிகளுக்கு மூடப்படுகிறது. அந்தத் தளத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும்: லாரிகளைப் பிணைத்த சங்கிலிகள் கப்பல் ஆடும்போதெல்லாம் இரும்புத் தரையில் உரசும், எந்திரத்தின் அதிர்வு கார் இருக்கை வரை ஏறும், அந்த அதிர்வில் ஏதாவதொரு காரின் எச்சரிக்கை ஒலி அலறத் தொடங்கினால் உரிமையாளர் மேல்தளத்தில் இருப்பார். நம் செவிக்கே பொறுக்காத அந்த ஓசை, நம்மைவிடக் கூர்மையான செவி படைத்த நாயை என்ன பாடு படுத்தும்! சில கப்பல்களில் அண்மைக் காலத்தில் நாயுடன் அமர்வதற்கென மேல்தளத்தில் தனிக்கூடம் திறந்திருக்கிறார்கள். அது எல்லாக் கப்பல்களுக்கும் வர வேண்டும்.

சிறுநீர் கழிக்கும் இடம் பற்றியும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது சிறிய விஷயம் என்று ஒதுக்கப்படுகிறது. வீட்டில் நன்கு பழக்கப்பட்ட நாய்தான் கப்பலில் அதிகம் துன்பப்படுகிறது. மண்ணையும் புல்லையும் மட்டுமே அறிந்த அது, இரும்புத் தளத்தில் வட்டமிட்டு மோந்து பார்க்கும், நம் முகத்தைப் பார்க்கும், மறுபடியும் அறைக்கே இழுத்துச் செல்லும். இரவெல்லாம் அடக்கிக்கொண்டு கிடக்கும். ஒரு மூலையில் செயற்கைப் புல்விரிப்பும், கழுவிவிட ஒரு தண்ணீர்க் குழாயும், காற்றுக்கு மறைப்பும், இரவிலும் எரியும் ஒரு விளக்கும் போதும். விரிப்பை முற்றிலும் கழுவி மணமே இல்லாமல் செய்துவிடாமல், முன்னர் வந்த நாயின் தடம் சிறிதேனும் இருக்கும்படி விட்டால், பின்வரும் நாய் அதைத் தன் இடமென்று புரிந்துகொள்ளும். முன்பதிவின்போதே அந்த விரிப்பு எவ்வகையானது என்று தெரிவித்தால், வீட்டிலேயே அதுபோன்ற ஒன்றை வாங்கிப் பழக்கிவிட்டு வருவோம்.

இனி அரசுத் துறையினருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் நாய்க்கு முதலில் அடையாள எண் தாங்கிய மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பொருத்தி, அன்றோ அதன் பின்னரோ ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். சிப்புக்கு முந்திய ஊசி செல்லாது. முதல் ஊசிக்குப் பின் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். ரேபிஸ் நிலை குறித்து ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெறாத நாடுகளிலிருந்து வருவதானால், ஊசி போட்டு 30 நாட்களேனும் கழித்து எடுத்த இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதன் பிறகும் மூன்று மாதங்கள் பொறுக்க வேண்டும். இவற்றை நான் குறைகூறவே மாட்டேன். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய தப்பாமல் உயிரைப் பறிக்கும் நோய்க்கு இந்த எச்சரிக்கை வேண்டியதுதான்.

என் வேண்டுகோள் நாட்கணக்கைப் பற்றியது. ஒன்றியத்தின் விலங்கு நலச் சான்றிதழ், வழங்கிய நாளிலிருந்து எல்லையில் சோதிக்கப்படும் நாள் வரை 10 நாட்களுக்குச் செல்லும். கடல்வழியாக வந்தால் கடலில் கழியும் காலத்தையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம் என்று அச்சான்றிதழின் குறிப்பே சொல்கிறது. அதை எழுதியவர்கள் கப்பலை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாடாப்புழு மருந்தின் கெடுவில் அந்த நினைவைக் காணோம். பிரிட்டன், அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே ஆகிய நாடுகளுக்கு வரும் நாய்க்கு, வந்து சேர்வதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் முன்பாக மருத்துவர் கையால் அம்மருந்து தரப்பட்டிருக்க வேண்டும். நியூயார்க்கிலிருந்து சவுத்ஹாம்ப்டனுக்கு ஏழு இரவுகள், அதாவது ஏறத்தாழ 168 மணி நேரம். கரையில் மருந்து கொடுத்துவிட்டுக் கப்பலேறினால் நடுக்கடலிலேயே கெடு முடிந்துவிடும். தனியாக ஏதேனும் ஏற்பாடு செய்தாக வேண்டும். அந்த நாடாப்புழுவோ, தொற்றுள்ள வயல் எலி போன்ற சிறு கொறிணிகளைத் தின்பதால் நாய்க்கு வருவது. மருந்துண்டு கப்பலேறிய நாய், நடுக்கடலில் எந்த வயல் எலியைப் பிடித்துத் தின்னப் போகிறது? சான்றிதழுக்குச் செய்ததைப் போலவே இக்கெடுவுக்கும் கடல் நாட்களைக் கூட்டிக்கொடுப்பதால் எந்த நாட்டின் பாதுகாப்பும் குறையாது.

சில நாடுகளின் கதவு கடல் பக்கம் அடியோடு மூடியிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் நாய்கள் பொதுவாக மெல்பர்ன் விமான நிலையத்தில் இறங்கி, மிக்கில்ஹாமில் உள்ள அரசுத் தனிமைக் கூடத்துக்குப் போக வேண்டும். ரேபிஸ் ஆபத்து மிகுந்தவையாக வகைப்படுத்தப்பட்ட நாடுகளிலிருந்து, அமெரிக்காவுக்கு வெளியே தடுப்பூசி போடப்பட்டு வரும் நாய்கள், 2024 ஆகஸ்ட் 1 முதல், பதிவுபெற்ற பராமரிப்பு மையம் உள்ள விமான நிலையங்கள் வழியாகவே அமெரிக்காவுக்குள் நுழைய முடியும். தட்டை மூக்கு நாய் வைத்திருப்பவர் இவ்விதியைப் படிக்கும்போது, உன் நாயை எந்தப் பயணம் கொல்லக்கூடுமோ அதில்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லப்படுவதாகவே உணர்கிறார். சிப்பைப் படிக்கும் கருவி, தாள்களைச் சரிபார்க்கும் அலுவலர், காத்திருப்புக் கூடம், ஒரு கால்நடை மருத்துவர்: இவை ஒரே ஒரு பயணிகள் துறைமுகத்தில் அமைந்தாலும் ஒரு வழி திறக்கும்.

ஒவ்வாமை உள்ள பயணிகளையும், நாய்க்கு அஞ்சும் குழந்தைகளையும் நான் மறக்கவில்லை. அவர்களின் உரிமை எங்களுடையதற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. நாய்க்கான அறைகளை ஒரே இடைவழியில், வெளித்தளத்துக்கு அருகில் அமைத்து, உணவுக்கூடங்களிலிருந்து விலக்கி வைப்பதே அதற்கு மருந்து. குரைக்கும் நாயை அறையில் தனியே விட்டுச் செல்பவருக்கு அபராதம் விதியுங்கள். அந்த விதியை முதலில் வரவேற்பவர்கள் பொறுப்பாக நாய் வளர்ப்பவர்களாகவே இருப்பார்கள். ஆபத்துக் காலத்தில் பயணிகள் கூடும் இடத்துக்கு நாயைக் கொண்டுவரலாமா, கூடாதா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள்; எங்களுக்குப் பிடிக்காத விடையாக இருந்தாலும் தெரிந்துகொண்டு ஏறுவதே மேல்.

அனைத்துக் கப்பல்களையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. நாயை இதுவரை ஏற்காத நிறுவனங்கள் ஒவ்வொன்றும், தாம் கப்பல் ஓட்டும் ஒரு தடத்திலாவது, அடுத்த பருவத்தின் முன்பதிவைத் தொடங்கும் முன், நாயுடன் தங்கக்கூடிய சில அறைகளை ஒதுக்கி, நடந்து ஏறுவோரும் அவற்றைப் பதிவுசெய்யலாம் என்று அறிவிக்க வேண்டும். கட்டணம் கூடுதலாக இருந்தாலும் செலுத்த அணியமாக இருக்கிறோம். நாடாப்புழு மருந்தின் கெடுவைத் திருத்துவது பற்றி, ஏற்கவோ மறுக்கவோ காரணத்துடன், உரிய துறைகள் பொதுவெளியில் விடை தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாயுடன் கடல் கடக்கக் காத்திருக்கும் ஒரு பயணி