கரும்புக்காட்டில் ஒரு பூமி பூஜை

அன்புள்ள அக்கா,

நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலம்தானே. சனிக்கிழமை போனில் பேசும்போது பின்னால் கொட்டுச் சத்தம் கேட்கிறதே, என்ன திருவிழா என்று கேட்டாய். திருவிழா இல்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே நான் இருக்கிற இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி வரப்போகிறது, அதற்கு முதல் மண் வெட்டினார்கள், அந்தச் சத்தம்தான்.

ஒரு குழி தோண்டுவதற்கா இவ்வளவு கூட்டம் என்று நினைப்பாய். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் மறைத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போன வருடம் கோபுரத்தில் சுதை வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கோயில் வண்டியில் தூரத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், காலை ஏழு மணிக்குப் போனவனுக்கு மாவுக்கட்டு போடும்போது ராத்திரி பத்து. அங்கே இருக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நர்ஸ்கள் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் ஓடினார்கள், கூட்டம் அப்படி. என் பக்கத்தில் சர்க்கரை மாத்திரைக்கு வந்த ஒரு பெரியவர் இருட்டோடு நாலு மணிக்கே வந்துவிட்டாராம், மடக்கு நாற்காலியும் போர்வையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

எனக்குச் சமைத்துப் போடுகிற ஆயாவுக்கும் இதே பாடுதான். இங்கே கரும்பு வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்திவிடுவார்கள், காயப்போட்ட துணி மேலெல்லாம் கறுப்புச் சாம்பல் விழும், அந்த மாதங்களில் ஆயாவுக்கு இழுப்பு வந்துவிடும். ஒரு ராத்திரி ஆம்புலன்சுக்குக் காத்திருந்து காத்திருந்து கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன்தான், இந்த நாட்டு சுலு இனத்துக்காரன், தன் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

அதனால் கமிட்டிக்காரர்கள் வந்து, பூஜைக்கு ஈசானிய மூலையை, அதாவது வடகிழக்கைப் பார்த்துக் கொடு என்றபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் பார். போனிலேயே திசை தெரியுமே என்றான் ஒரு பையன். தெரியும்தான், ஆனால் பெரியப்பா சொல்லிக்கொடுத்தபடி சங்கு என்கிற நிழல் குச்சியை நட்டுத்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். முதல் நாளே தரையை மட்டம் செய்து, குச்சி நட்டு, சுற்றி வட்டம் போட்டு, காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தையும் சாயங்காலம் தொட்ட இடத்தையும் கயிறு பிடித்துச் சேர்த்தேன், கிழக்கு மேற்கு கிடைத்துவிட்டது. இங்கே உச்சிப்பொழுதில் சூரியன் எந்த நாளும் வடக்கேதான் நிற்கும், நிழல் வருடம் முழுக்கத் தெற்கே விழும். வந்த புதிதில் அதைப் பார்த்து ரொம்பக் கலங்கினேன். ஆனால் சங்கு போட்டுக் கொடுத்த கோடு நம் ஊர்க் கோடுதான்.

சனிக்கிழமை காலையில் நல்ல குளிர். பாதிரியார் ஜெபம் செய்தார், இமாம் துஆ ஓதினார், எங்கள் குருக்கள் நான் காட்டிய மூலையில் பாலும் நவதானியமும் விட்டார். ஆயா மாரியம்மன் பாட்டு ஒன்றை முழுக்கப் பாடினாள். பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான், தமிழ் அவளுக்குப் பாட்டிலும் 'வணக்கம்' என்பதிலும்தான் மிச்சமிருக்கிறது, ஆனால் ஒரு வரி தப்பவில்லை. அப்புறம் அதிகாரிகள் மண்வெட்டினார்கள், நம் மண்வெட்டி இல்லை, காலால் மிதித்து இறக்குகிற நேரான ஸ்பேட். முதல் மண் புரண்டதும் சுலு பெண்கள் குலவை போட்டார்கள் அக்கா! நடவு வயலில் அம்மாவும் மற்றவர்களும் போடுவார்களே, அதே மாதிரி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பழைய கதை சொன்னார். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு இந்தக் கரைக்கு வந்தது, கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். பிறகு டர்பனில் டாக்டர் பூத் என்ற பாதிரியார் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி நடத்தினார், பார்சி ருஸ்தம்ஜி என்ற டர்பன் வியாபாரி பணம் கொடுத்தார், காந்தி தினமும் காலையில் ஓரிரண்டு மணி நேரம் அங்கே போய் மருந்து எடுத்துக் கொடுப்பாராம். வந்த நோயாளிகளில் நிறையப் பேர் தமிழ், தெலுங்கு கூலிக்காரர்கள். ஆயாவின் பாட்டி தாத்தாவும் அப்படி வந்தவர்கள்தான். அந்தக் கரும்பு நின்ற நிலத்தில் இப்போது ஆஸ்பத்திரி என்றால் கொட்டு அடிக்காமல் என்ன செய்வார்கள்?

சாப்பாடு பெரிய விறகடுப்பில். காய்கறி பிரியாணியில் முழு மைசூர்ப் பருப்பு போடுகிறார்கள், முதலில் ஒப்பவில்லை, இப்போது அது இல்லாமல் இறங்கமாட்டேன் என்கிறது. கட்டிடம் எழும்ப வருடங்கள் ஆகும், ஆயாவுக்கும் அது தெரியும். ஆனாலும் தினம் சாயங்காலம் நடந்து போய் வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழியைப் பார்த்துவிட்டு வருகிறாள், நானும் துணைக்குப் போகிறேன்.

மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டது, சுதைக் கரண்டி பிடித்து வேலை செய்கிறேன். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டு, ஆனால் சாரத்திலிருந்து விழுந்ததை மட்டும் விட்டுவிடு.

உன் தம்பி