மாநிலங்களவைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்: விவாதத்துக்கு நாள் குறிப்பவர் யார்?

பெருமதிப்பிற்குரிய மாநிலங்களவைத் தலைவர் அவர்களுக்கும், தங்கள் தலைமையில் இயங்கும் விதிகள் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கூட்டத்தொடர் நாள்களில் காலை பதினொரு மணிக்குத் தங்கள் அவையின் நேரலையைப் பார்க்க உட்காருபவர்களுக்கு, அடுத்த கால் மணி நேரம் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டது. ஆவணங்கள் அவையில் வைக்கப்படும். பட்டியலிட்ட அலுவலை ஒதுக்கிவிட்டு வேறொரு பொருளை உடனே பேசக் கோரி 267 ஆம் விதியின் கீழ் இத்தனை நோட்டீஸ்கள் வந்துள்ளன என்று இருக்கையிலிருந்து அறிவிப்பு வரும். அந்த நோட்டீஸ்கள், முன்னர் இருக்கையிலிருந்து வழங்கப்பட்ட தீர்ப்புகளுக்கு இசைவாக இல்லாததால் ஏற்கப்படவில்லை என்று அடுத்த வாக்கியம் வரும். எதிர்வரிசை எழுந்து முழக்கமிடும். அவை பன்னிரண்டு மணி வரைக்கோ இரண்டு மணி வரைக்கோ ஒத்திவைக்கப்படும். மறுநாளும் இதுவே நடக்கும். இதை அமளி என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு நாளேடுகள் கடந்துபோகின்றன. ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்குள் உண்மையான அரசமைப்புச் சிக்கல் ஒன்று இருக்கிறது என்றும், அதைத் தீர்க்கும் வழி தங்கள் கையில் இருக்கிறது என்றும் கருதுவதால் இம்மடலை எழுதுகிறேன்.

நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவன் அல்லன். என் வாக்கால் தங்கள் அவைக்கு எவரும் நேரடியாக வருவதில்லை. நான் தேர்ந்தெடுக்கும் சட்டமன்ற உறுப்பினரும் அவரைப் போன்றவர்களும் சேர்ந்து தமிழ்நாட்டிலிருந்து பதினெட்டுப் பேரை அனுப்புகிறார்கள். அந்த இருக்கையில் முதலில் அமர்ந்தவர் திருத்தணியில் பிறந்தவர், இப்போது அமர்ந்திருக்கும் தாங்கள் திருப்பூர்க்காரர் என்பதால் எனக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்காது என்பதை அறிவேன். ஆயினும் மொழிபெயர்ப்பாளர் துணையின்றித் தாங்களே படிக்கக்கூடிய மொழியில் எழுத முடிகிறது என்ற வசதியை விட்டுவிட மனம் வரவில்லை.

சிக்கல் இரண்டு எண்களைச் சுற்றி நிற்கிறது. 176 ஆம் விதியின் கீழ், ஓர் உறுப்பினர் மேலும் இருவர் கையொப்பத்துடன் அவசரப் பொதுப் பிரச்சினை ஒன்றின் மீது குறுகிய கால விவாதம் கோரலாம். அதற்கு அதிகபட்சம் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். முறையான தீர்மானமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. 267 ஆம் விதி வேறு வகையானது. தலைவரின் இசைவு பெற்று, நடப்பிலுள்ள ஒரு விதியை அப்போதைக்கு நிறுத்திவைக்கும்படி உறுப்பினர் கோரலாம் என்கிறது அது. பட்டியலிட்ட அலுவல்களை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே ஒரு பொருளைப் பேசுவதற்கு எதிர்க்கட்சிகள் பல்லாண்டுகளாக நாடிவரும் வழி இதுதான்.

2000 ஆம் ஆண்டில் இந்த விதி திருத்தப்பட்டது. நிறுத்திவைக்கக் கோரும் தீர்மானம், அன்றைய அலுவல் பட்டியலில் உள்ள அலுவலுடன் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்ற சொற்கள் அப்போது உள்ளே வந்தன. சொல்லுக்குச் சொல் படித்தால், பட்டியலில் இல்லாத ஒரு பொருளை 267 வழியாகக் கொண்டுவர இயலாது. 2022 டிசம்பரிலும் 2024 டிசம்பரிலும் இருக்கையிலிருந்து வழங்கப்பட்ட விரிவான நெறிமுறைகளே இன்று ஒவ்வொரு நோட்டீசையும் திருப்பி அனுப்பும் காரணமாகக் காட்டப்படுகின்றன. இந்த வாசிப்பு தவறு என்று நான் வாதிட வரவில்லை. சட்ட வாசகத்தை அதன் சொற்படி படிப்பது குற்றமாகாது.

ஆனால் 2016 நவம்பர் 16 அன்று என்ன நடந்தது? அதே திருத்தப்பட்ட விதி நடைமுறையில் இருந்தபோதே, பட்டியலில் இருந்த அலுவல்கள் ஒதுக்கப்பட்டு, பணமதிப்பு நீக்கம் குறித்த விவாதம் 267 இன் கீழ் தொடங்கியது. காங்கிரஸ் உறுப்பினர் ஆனந்த் சர்மா அதைத் தொடங்கிவைத்தார். நவம்பர் 24 அன்று முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் அதில்தான் பேசினார். அன்று விதியின் சொற்கள் தடையாக நிற்கவில்லை. அரசுத் தரப்பும் மறுக்கவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே: கதவைத் திறந்தது விதி அன்று, அரசின் சம்மதம். சம்மதம் இருந்தால் விதி வளைகிறது, இல்லையென்றால் இறுகுகிறது என்றால், அவையின் அலுவலைத் தீர்மானிக்கும் அதிகாரம் உண்மையில் எவரிடம் இருக்கிறது என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

2023 மழைக்காலக் கூட்டத்தொடரைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், அப்போது தாங்கள் இந்த அவையில் இல்லையென்றாலும். மே 3 முதல் மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்களுக்கு நேர்ந்த கொடுமையின் காணொளி ஜூலை 19 அன்று வெளியானது. மறுநாள் கூட்டத்தொடர் தொடங்கியது. 267 இன் கீழ் விவாதமும் பிரதமரின் அறிக்கையும் வேண்டும் என்றது எதிர்வரிசை. 176 இன் கீழ் பேசத் தயார் என்றது அரசு. இடைவழியாக, பொது முக்கியத்துவம் வாய்ந்த பொருளின் மீது தீர்மானம் கொண்டுவர இடமளிக்கும் 167 ஆம் விதி பேசப்பட்டது, அதுவும் கைகூடவில்லை. ஆகஸ்ட் 11 அன்று கூட்டத்தொடர் முடியும் வரை, மாநிலங்களின் அவை என்று பெயர் கொண்ட அவை, ஒரு மாநிலம் பிளவுண்டு கிடந்ததைப் பற்றி முறையான விவாதம் நடத்தாமலேயே கலைந்தது. மக்களவையிலோ நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற கதவு இருந்தது. அதன் வழியே ஆகஸ்ட் 8 முதல் 10 வரை மூன்று நாள்கள் மணிப்பூர் பேசப்பட்டது. அமைச்சரவை மக்களவைக்கு மட்டுமே பொறுப்புடையது என்பதால் அந்தக் கதவு தங்கள் அவைக்குக் கிடையாது.

இதில் எதிர்க்கட்சிகள் பழியற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டரை மணி நேரம் போதாது என்பது உண்மை. ஆனால் இரண்டரை மணி நேரம் கூடப் பேசாமல் விட்டது அதைவிடப் போதாது. விதி கேட்கும் வடிவில் எழுதப்படாத நோட்டீஸ்களும், நாள்தோறும் ஒரே பொருளில் கட்டுக்கட்டாக வரும் நோட்டீஸ்களும் ஒரு கருவியைச் சடங்காக்கிவிட்டன என்று தங்கள் முன்னோர் சொன்னதிலும் நியாயம் உண்டு. 267 இன் கீழ் பேசினால் தானாகவே வாக்கெடுப்பு வந்துவிடும் என்பது போன்ற எண்ணமும் உலவுகிறது. 2016 விவாதம் வாக்கெடுப்பையும் காணவில்லை, முடிவையும் காணவில்லை. பிரதமர் அவையில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையில் சிக்கிப் பாதியில் நின்றது. பலன் இவ்வளவுதான் என்று தெரிந்தும் அதே கதவைத் தட்டுகிறார்கள் என்றால், வேறு கதவு இல்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?

வேறு கதவு இருப்பதாகச் சொல்லப்படுகிறது, அது 176. அதற்குச் சாவி யாரிடம் என்பதை அடுத்த விதியான 177 சொல்கிறது: பொருள் அவசரமானது, முக்கியமானது என்று தலைவர் நிறைவு கொண்டால் நோட்டீசை ஏற்று, அவை முன்னவரைக் கலந்து விவாதத்துக்கு நாள் குறிக்கலாம். அவை முன்னவர் அரசின் ஆள். எதிர்க்கட்சித் தலைவரைக் கலக்க வேண்டும் என்று அந்த விதியில் ஒரு சொல் கூட இல்லை. அந்தப் பதவிக்கு 1977 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றி ஏற்பு அளித்த நாடு இது. எத்தனை நாளுக்குள் நாள் குறிக்க வேண்டும் என்ற வரம்பும் இல்லை. விமர்சனத்துக்கு உள்ளாக வேண்டியவரே விமர்சனத்துக்கு நாள் பார்க்கும் ஏற்பாடு இது. கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதில்கூட இரு வீட்டாரையும் கேட்பார்கள்.

இதன் விளைவை அண்மையில் கண்டோம். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் பற்றி விவாதிக்க வேண்டும் என்று 2025 மழைக்காலக் கூட்டத்தொடர் முழுவதும், ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 21 வரை, நோட்டீஸ்கள் வந்துகொண்டே இருந்தன, ஒன்றும் ஏற்கப்படவில்லை. அப்போது பிரச்சினை பீகாருடையதாக இருந்தது. டிசம்பரில்தான், தேர்தல் சீர்திருத்தங்கள் என்ற அகன்ற தலைப்பில், இரு அவைகளிலும் விவாதத்துக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. அதற்குள் பீகாரில் தேர்தலே நடந்து முடிந்துவிட்டது. கணக்கெடுப்புப் படிவங்கள் தமிழ்நாட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டன. அந்த விவாதம் நடந்தது நல்லதே. ஆனால் ஜூலையில் விவாதத்துக்கு ஏற்கப்படாத பொருள் டிசம்பரில் எப்படி ஏற்கத்தக்கதாயிற்று என்பதற்கு அவைக்குறிப்பில் விடை கிடையாது.

ஆகவே என் வேண்டுகோளின் மையம் இது. 267 பற்றிய தங்கள் வாசிப்பே சரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், எதிர்பாராமல் எழும் அவசரப் பொருளை அன்றன்றே எடுத்துக்கொள்ள மாநிலங்களவையில் வழியே இல்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்கென ஒரு விதியை உருவாக்க வேண்டும். மக்களவையில் ஒத்திவைப்புத் தீர்மானம் உண்டு. அதற்கும் சபாநாயகரின் இசைவு முதலில் வேண்டும் என்றாலும், அனுமதிக்கு மறுப்பு எழும்போது ஐம்பது உறுப்பினர்கள் எழுந்து நின்றால் பொருள் விவாதத்துக்கு வந்துவிடுகிறது. ஒத்திவைப்புத் தீர்மானம் அரசைக் கண்டிக்கும் தன்மை உடையது என்பதால் தங்கள் அவைக்கு அது பொருந்தாது என்ற வாதத்தை ஏற்கிறேன். கண்டனம் இல்லாத, எண்ணிக்கை மட்டும் உள்ள ஒரு வடிவம் போதும். 543 பேர் கொண்ட அவைக்கு ஐம்பது என்றால் 245 பேர் கொண்ட அவைக்கு இருபத்தைந்து என்பது தாராளமான வரம்புதான். இருபத்தைந்து பேர், குறைந்தது மூன்று கட்சிகளிலிருந்து, கையொப்பமிட்டுக் கேட்டால், மூன்று அமர்வு நாள்களுக்குள் அப்பொருள் பட்டியலில் இடம்பெற்றே தீர வேண்டும் என்று விதி சொல்லட்டும். ஆஸ்திரேலியாவின் மேலவையில் பொது முக்கியத்துவப் பொருளை முன்மொழிபவருக்குத் துணையாக மேலும் நான்கு பேர் எழுந்து நின்றால் போதும் என்று நிலையாணை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்நாட்டில் அரசாங்கம் அதனால் நின்றுபோகவில்லை. கூடவே, 177 இல் அவை முன்னவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எதிர்க்கட்சித் தலைவர் என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். ஒரே ஒரு சொற்றொடர்தான்.

நேரத்தைப் பற்றிய பூசலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் நிறைவேறிய விதத்தைப் பற்றிப் பேசும்போது, வாக்குகளை எண்ணும் டிவிஷன் மறுக்கப்பட்டதே நினைவுக்கு வருகிறது. ஆனால் அன்றைய பூசல் கடிகாரத்தில் தொடங்கியது. பெருந்தொற்றுக் கால ஏற்பாட்டின்படி அவை பகல் ஒரு மணிக்கு முடிய வேண்டும். மசோதாக்களை முடிக்கும் வரை அமர்வை நீட்டிப்பது என்று ஒரு தரப்பு. அமைச்சரின் பதிலையும் வாக்கெடுப்பையும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மறு தரப்பு. அவையின் கருத்தை அறிந்து நீட்டிப்பதே மரபு என்றும், அதற்குப் பொது ஒப்புதல் வேண்டும் என்றும் எதிர்வரிசை சொன்னது கேட்கப்படவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் நடந்தவை நாடறிந்தவை. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். விதிப்புத்தகத்தைக் கிழிக்க முயன்றதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் நீட்டிப்புக்கு எதிர்ப்பு எழுந்தால் மறுநாள் முதல் அலுவலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரி அந்தப் புத்தகத்தில் இருந்திருந்தால், அன்று அது கிழிபடும் நிலைக்கு வந்திருக்காது.

அலுவல் நேரத்தை மாற்றி அமைப்பது தலைவரால் ஆகாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது. பதினொரு மணிக்கு நடக்கும் கேள்வி நேரம் நாள்தோறும் அமளியில் மூழ்கியதைக் கண்டு, 2014 நவம்பரில் அன்றைய தலைவர் ஹமீத் அன்சாரி அதைப் பன்னிரண்டு மணிக்கு நகர்த்தினார். பூஜ்ய நேரம் முன்னுக்கு வந்தது. அது இன்றுவரை நிலைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பிற்பகலின் இரண்டரை மணி நேரம் அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் என்று உறுதியாக இருப்பதால்தான், 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை அவை ஒருமனதாக நிறைவேற்ற முடிந்தது. எவருடைய தயவையும் எதிர்பார்க்காத நேரம் என்று ஒன்று ஒதுக்கப்பட்டால் அதில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

மற்றொரு சிறு வேண்டுகோள், இதற்கு விதித் திருத்தம் கூடத் தேவையில்லை. மறுக்கப்படும் ஒவ்வொரு நோட்டீசின் பொருளையும், மறுப்புக்கான காரணத்தையும் அன்று மாலைக்குள் அவையின் இணையதளத்தில் வெளியிடச் செய்யுங்கள். எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டுப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு, எது கேட்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்பது தெரியட்டும். வடிவப் பிழையால் மறுக்கப்பட்டதா, பொருள் நீதிமன்றத்தில் இருப்பதால் மறுக்கப்பட்டதா, அவசரமில்லை என்பதால் மறுக்கப்பட்டதா என்பது பிரித்து எழுதப்பட்டால், தவறாக எழுதப்படும் நோட்டீஸ்களும் ஓரளவு குறையும். அவை நடவடிக்கையின் முறைகேட்டை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று அரசமைப்பின் 122 ஆம் உறுப்பு தங்களுக்குக் காப்பளிக்கிறது. மேல்முறையீடு இல்லாத தீர்ப்புக்குக் காரணம் எழுதுவது, மேல்முறையீடு உள்ள தீர்ப்புக்கு எழுதுவதைவிட அவசியமானது.

அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் முன் விதிகள் குழுவைக் கூட்டி, 177 மற்றும் 267 ஆகிய இரு விதிகளையும் அதன் முன் வைக்குமாறும், அலுவல் ஆய்வுக் குழுவில் உள்ள அனைத்துக் கட்சிகளின் கருத்தையும் எழுத்தில் பெறுமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்