நடுவயதில் சேராமல் போகும் சாப்பாடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்கள் பலர், சிறு வயது முதல் சாப்பிட்டு வந்த பண்டங்களும், கல்யாணமான நாள் முதல் கையாண்டு வந்த காய்களும் மசாலாச் சாமான்களும் இப்போது தங்களுக்குச் சேரவில்லை என்று சொல்வதை ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் கேட்கிறோம். கேட்ட மாத்திரத்தில் "உடம்புச் சூடு", "வயசாகுதுல்ல", "எல்லாம் மனசுதான்" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அந்தப் பேச்சை முடித்தும் விடுகிறோம். இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவத்தில் தெளிவான காரணம் உண்டு என்பதையும், அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சமைப்பவர் சொல்லும் விவரமே முதல் சாட்சியம் என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். நான் சேலம் அம்மாபேட்டையில் வசிப்பவள். வீட்டிலேயே ஊறுகாயும் பொடி வகைகளும் செய்து விற்பவள். என்னுடன் வேலை செய்யும் பெண்களும், வாடிக்கையாகப் பொடி வாங்க வரும் பெண்களும் சொல்லக் கேட்டவற்றையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனி மட்டும் தோல் தடித்து, செதில் செதிலாக உரிந்து, குறுக்கே கோடு கோடாக வெடித்தது. புளி கரைக்கும்போது அந்த வெடிப்புகளில் உயிர் போகும் எரிச்சல். மோதிர விரலும் சுண்டு விரலும் பளிச்சென்று இருந்தன. வலது கையில் ஒன்றுமே இல்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்புதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். தோல் மருத்துவர் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பூண்டை எந்தக் கையில் பிடிச்சுக்கிட்டு நறுக்குவீங்கம்மா?" என்று கேட்டார். வலது கைப் பழக்கம் உள்ளவர் இடது கையின் மூன்று விரல்களால் பூண்டைப் பிடித்து வலது கையால் கத்தியை ஓட்டுகிறார். பூண்டில் உள்ள டைஅல்லைல் டைசல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் அந்த மூன்று நுனிகளிலேயே திரும்பத் திரும்பப் படுகிறது. சோப்பாக இருந்தால் இரண்டு கைகளும் அல்லவா பாதிக்கப்பட்டிருக்கும்? இந்தச் சேர்மம் சாதாரண ரப்பர் கையுறைகளையும் ஊடுருவிச் செல்லக்கூடியது என்பதால், கையுறை போட்டும் குணமாகவில்லை என்று சொல்லும் பெண்ணைப் பொய் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை.

இத்தகைய தொடு ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. ஒரு பொருளைப் பல ஆண்டுகள் தொட்டுத் தொட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் அதை ஒரு நாள் பகையாகக் கண்டுகொண்ட பிறகே தொடங்குகிறது. "முப்பது வருஷமா உரிச்ச பூண்டு இப்ப மட்டும் என்ன பண்ணிடும்?" என்ற கேள்விக்கு, முப்பது வருடம் உரித்ததுதான் காரணம் என்பதே விடை. மாங்காய்க்கும் இது பொருந்தும். சேலத்தில் மாம்பழக் காலம் வந்தால் மல்கோவாவும் இமாம்பசந்தும் இல்லாத வீடு அரிது. ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டும் எங்களைப் போன்றவர்களுக்கோ காம்பிலிருந்து வடியும் பால் கையிலும் முகத்திலும் படாமல் இருக்காது. மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மாம்பாலிலும் தோலிலும் உள்ள பொருளால் உதட்டோரத்திலும் கன்னத்திலும் கொப்புளம் எழும்பியவர்களில் பலரால், வேறொருவர் கழுவித் தோல் சீவித் தந்த சதையைத் தொல்லையின்றிச் சாப்பிட முடிகிறது. கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் தரும் அரிப்பு இதில் சேராது. அது கிழங்கிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் நுண்ணிய ஊசிகள் தோலில் குத்துவதால் எவருக்கும் எந்த வயதிலும் வருவது. நம் பாட்டிமார் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கியதும் புளி விட்டு வேகவைத்ததும் அதற்காகத்தான்.

அடுத்தது நெடி. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மிளகாய் மூட்டைகள் அடுக்கியிருக்கும் கடைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். வற்றல் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் தொண்டை கமறுவது ஒவ்வாமை ஆகாது. மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு உணர்வியை (ரிசெப்டர்) தூண்டுவதால் வருகிறது. அந்த உணர்வியைக் கண்டறிந்ததற்காகவே அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நடுவயதுப் பெண்களிடம், தன்னையறியாமல் எழும் இருமல் எளிதில் தூண்டப்படுவதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். முன்பு இரண்டு இருமலோடு நின்றது இப்போது அரை மணி நேரம் நீள்கிறது. குகை, கிச்சிப்பாளையம் பகுதிகளின் லைன் வீடுகளில், தறி ஓடும் அறைக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத மூலையில் அடுப்பு வைத்திருக்கும் பெண்களுக்கு அந்த நெடி வெளியேறவும் வழியில்லை. வாடகைக்கு விடும் வீட்டின் சமையலறையில் புகை வெளியேற்றும் ஒரு மின்விசிறி பொருத்தித் தருவதை வீட்டு உரிமையாளர்கள் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஆனால் எல்லா இருமலும் தாளிப்பால் வருவதில்லை. இந்த வயதில்தான் பலர் ரத்த அழுத்த மாத்திரை தொடங்குகிறார்கள். ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வறட்டு இருமலைத் தரும். அரிதாக உதடும் நாக்கும் வீங்கும். மாத்திரை தொடங்கிய மாதத்தையும் இருமல் தொடங்கிய மாதத்தையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றிவிடுவார். தாமாக நிறுத்தக் கூடாது. அதுபோலச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினால் வரும் வயிற்றுப்போக்கை முந்தின நாள் சாப்பிட்ட சாப்பாட்டின் மேல் போடுவதும் உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து தோலும் வாயும் வறள்கின்றன. காரம் பட்டவுடன், சில சமயம் எதுவும் படாமலேயே, நாக்கு எரிகிறது. இரும்புச் சத்தும் பி12 வைட்டமினும் குறைந்தாலும் இதே எரிச்சல் வரும் என்பதால், எளிய ரத்தப் பரிசோதனை ஒன்று அவசியம்.

சாப்பிடும் பொருள்களைப் பொறுத்தவரை, செரிக்காமல் போவதையும் ஒவ்வாமையையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பால் குடித்தால் வயிறு உப்பிப் பொருமுவது பெரும்பாலும் லாக்டேஸ் என்ற நொதி குறைவதால். தாய்ப்பால் மறந்த பிறகு அது குறைந்துகொண்டே வருவது தென்னிந்தியர்களில் பெரும்பான்மையினருக்கு இயல்பு. இவர்கள் காலையில் ஒரு டம்ளர் பாலை விட்டுவிட்டுத் தயிரும் மோரும் சாப்பிடலாம். புளிக்கும்போது பால் சர்க்கரையின் ஒரு பகுதி நுண்ணுயிர்களுக்கு உணவாகிவிடுகிறது. இதில் தொல்லை உண்டு, ஆபத்து இல்லை. இறால் சாப்பிட்ட சற்று நேரத்தில் உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இரைத்தால் அது வேறு கதை. பெரியவர்களுக்குப் புதிதாக வரும் உணவு ஒவ்வாமைகளில் இறால், நண்டு வகைதான் முன்னணியில் நிற்கிறது. அவற்றிலுள்ள ட்ரோப்போமயோசின் என்ற புரதத்துக்கு நெருங்கிய உறவான புரதங்கள் மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் உள்ளன. தூசி ஒவ்வாமை உள்ள ஒருவருக்குப் பின்னாளில் இறால் சேராமல் போக இதுவும் ஒரு காரணம். எவ்வளவு வேகவைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. வலி மாத்திரை போட்ட நாளிலோ, சாப்பிட்டவுடன் ஓடியாடி வேலை செய்த நாளிலோ மட்டும் இந்த எதிர்விளைவு வருவதும் உண்டு. "போன வாரம் சாப்பிட்டியே, அப்ப ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டு அவர் வாயை அடைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மலைமேல் ஏற்காட்டிலும் இத்தகைய தொடர்பு ஒன்றைக் காணலாம். காப்பித் தோட்டங்களில் விளையும் பட்டர் ஃப்ரூட், வாழைப்பழம் ஆகியவற்றின் புரதங்கள் ரப்பர் பாலிலுள்ள புரதங்களை ஒத்தவை. ரப்பர் கையுறை போட்டால் கை தடிக்கிறவர்களில் சிலருக்கு இந்தப் பழங்கள் பட்டால் நாக்கு அரிக்கும். இதைத் தங்கள் மருத்துவரிடம், முக்கியமாக அறுவை சிகிச்சைக்கு முன், அவசியம் சொல்ல வேண்டும்.

இந்தக் குழப்பத்தைக் காசாக்கும் ஒரு வணிகம் பெருகிவருவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒரு துளி ரத்தத்தில் இருநூறு உணவுகளுக்குச் சோதனை என்று விளம்பரம் செய்து, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, அரிசி முதல் துவரம்பருப்பு வரை சிவப்பு மையில் அடித்துத் தருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் மனைவி அப்படியொரு பட்டியலை நம்பிப் பருப்பு, பால், முட்டை, கோதுமை அனைத்தையும் விட்டுவிட்டு, நடக்கவும் தெம்பில்லாமல் போனார். அந்தச் சோதனைகள் அளப்பது, உடலின் எதிர்ப்பாற்றல் உண்டாக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. அது நாம் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கு அடையாளமே தவிர நோய்க்கு அடையாளமாகாது. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008ஆம் ஆண்டிலேயே இவற்றை நோயறியப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. ஒவ்வாமையில் பங்குபெறும் ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்பொருளின் அளவும், தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனையும் பயனுள்ளவை. அவையும்கூட, என்ன சாப்பிட்டோம், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்ற விவரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள்படும். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கி அந்த விவரத்தை எழுதிவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

தன் உடம்புக்கு எது ஆகாது என்று தெரிந்துகொண்ட பிறகும், வெளியில் வாங்கும் பண்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் பயனில்லை. கோதுமை சேராத ஒருவருக்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் சேலத்து ஜவ்வரிசி நல்ல உணவு. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் அதில் இல்லை. ஆனால் அந்த ஜவ்வரிசி உப்புமாவுக்குத் தாளிக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருப்பதை எத்தனை பேர் படிக்கிறோம்? நிலக்கடலை சேராதவர்கள் சுத்திகரித்த கடலை எண்ணெய்க்கும் செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டும். செக்கு எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள் குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டு (குறிப்பிட்ட அளவும் அதற்கு மேலும்) ஆகியவற்றை உறையில் தெரிவிக்கச் சொல்கின்றன. அமெரிக்காவில் 2023 முதல் கட்டாயமாகிவிட்ட எள் அந்தப் பட்டியலில் இல்லை, கடுகும் இல்லை. எள்ளும் கடுகும் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கும் பொருட்கள் என்பதால், அவற்றைச் சேர்ப்பது நமக்குத்தான் மிகவும் தேவை.

உணவகங்களில் பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ளவையும் மத்திய உரிமம் பெற்றவையுமே ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்பது விதி. நாம் சாப்பிடுவதோ மெஸ்களிலும், பலகாரக் கடைகளிலும், சாயங்காலத் தட்டுவடை செட் வண்டிகளிலும். விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும், எந்த எண்ணெய், சட்னியில் கடலை உண்டா, குருமாவில் முந்திரி உண்டா என்று ஒரு சிலேட்டில் எழுதி வைப்பது எந்தக் கடைக்காரருக்கும் பாரமில்லை. கேட்கும் வாடிக்கையாளரை எரிச்சலோடு பார்க்காமல் இருந்தாலே பாதிக் காரியம் முடிந்தது.

கடுமையான ஒவ்வாமையில் மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும் மருந்து; விலை மலிவானது. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. சேலம் நகரத்தில் இருப்பவர் 108 வண்டியில் விரைவில் பெரிய ஆஸ்பத்திரியை அடைந்துவிடலாம். ஏற்காட்டிலோ அதற்கும் அப்பாலுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களிலோ இருப்பவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும்வரை காத்திருக்க முடியாது. ஊசியை மலையிலேயே போட்ட பிறகுதான் வண்டி கீழே இறங்க வேண்டும். எஸ்டேட் மருந்தகங்களும், மலைமேல் விடுதி நடத்துபவர்களும், பக்கத்தில் ஊசி போடத் தெரிந்தவர் யார், அவரை எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள், "சமீபத்தில் ஏதாவது சாப்பாடு சேராமல் போனதா? கையில் வெடிப்பு, அரிப்பு உண்டா? மாத்திரை ஆரம்பித்த பிறகு இருமல் வந்ததா?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, விடையை அட்டையில் குறித்து மருத்துவரிடம் சேர்க்கலாம். தங்கள் நாளிதழும் மருத்துவப் பக்கத்தில் மாதம் ஒரு முறை இடம் ஒதுக்கி, வாசகர்கள் எழுதியனுப்பும் ஒவ்வாமை அனுபவங்களுக்குத் தோல் மருத்துவரும் பொது மருத்துவரும் விளக்கம் தர ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.