சின்னவனுக்கு நேர்சரி கிடைச்சிட்டுது

அன்பின் குட்டிக்கு,

"எங்கையடி போய்த் துலைஞ்சனி" எண்டு நீ வற்சப்பில போட்டதுக்கு ரெண்டு மாசமாப் பதில் போடாமல் இருந்தது என்ர பிழைதான், கோவிக்காதை. இஞ்ச யாழ்ப்பாணத்தில எல்லாரும் சுகம், மாமிக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. ரவுணில சுருட்டை ரீச்சரைக் கண்டனான், அதே நடை, அதே குடை, உன்னைத்தான் முதல் கேட்டவ, மாங்காய்க் கதையை இன்னும் மறக்கேல்ல, கவனமா இரு! சரி அது கிடக்கட்டும். சின்னவன்ர நேர்சரிக் கதையைப் போனில சொல்ல வெளிக்கிட்டா அழுதுபோடுவன், அதுதான் எழுதுறன்.

அவனுக்கு ஐப்பசியோட மூண்டு வயசு முடிஞ்சுது. உங்க கனடாவில, ஸ்காபரோவில பிள்ளைக்கு நாலு வயசாகிற வருஷம் புரட்டாதியோட காசில்லாமல் கிண்டர்காடினில விட்டிடலாம் எண்டு நீ சொன்னது ஞாபகம் இருக்கு. இஞ்ச அப்பிடியில்ல, தையில தொடங்கிற நேர்சரிக்குக் கார்த்திகையிலயே ஓடவேணும். எல்லாரும் சொல்லுற அந்த ஒரு இடத்தில போம் எடுக்க இவர் காலமை நாலரைக்கே போய் நிண்டவர், அவருக்கு முன்னால பதினேழு பேர். அட்மிஷனுக்கு 25,000, மாசம் 6,000, யூனிபோம் வேற, பரவாயில்ல கட்டுவம் எண்டுதான் இருந்தனாங்கள்.

பேந்து பிள்ளையைக் கொண்டு வரச் சொன்னவை. மூண்டு வயசுப் பிள்ளைக்கு இன்ரவியூவடி. மேசையில படக் காட்டை வச்சு இங்கிலிஷில இது என்ன கலர், அது என்ன மிருகம் எண்டு கேக்கினம், இவன் முகத்தை என்ர சட்டைக்குள்ள புதைச்சவன் எடுக்கவே இல்ல. உனக்குத் தெரியும்தானே, அவன் இன்னும் வடிவாக் கதைக்கிறேல்ல, அம்மா, தண்ணி, போவம், வேணாம் எண்டு ஒரு இருவது சொல்லுத்தான். "பிள்ளைக்குக் கதையே வரேல்லையே அம்மா, எங்கட ரீச்சர்மாருக்குக் கஷ்டம், அடுத்த வருஷம் பாப்பம்" எண்டு மற்றத் தாய்மாருக்கு முன்னால வச்சே அங்க பொறுப்பா இருந்தவ சொல்லிப்போட்டா. ஸ்கூட்டியில வரேக்க அவன் முன்னுக்கு நிண்டு பஸ்ஸைக் காட்டிக் காட்டிச் சிரிச்சுக்கொண்டு வாறான், எனக்குக் கண் தெரியேல்ல, ஆரியகுளத்தடியில நிப்பாட்டித் துடைச்சுப்போட்டுத்தான் வந்தனான்.

போர்டில பெரிசா மொண்டிசோரி எண்டு எழுதியிருக்கு. அந்தப் படிப்பு முறையை உண்டாக்கின மொண்டிசோரி அம்மா 1907ல ரோமில முதல் தொடங்கினதே ஏழைப்பட்ட பிள்ளையளுக்குத்தான், பிள்ளை தானே எடுத்து, தொட்டு, ஊத்தி, துடைச்சுப் பழகிறதுதான் அந்த முறை. அந்தப் பேரைப் போட்டுக்கொண்டு கதைக்காத பிள்ளை வேண்டாம் எண்டால் என்ன நியாயம் சொல்லு?

மாமி இப்பவும் அங்க படிச்சாத்தான் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும் எண்டுதான் நிக்கிறா. அது அப்பிடியில்ல எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டன். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில முதலாம் ஆண்டுக்கு வீடு கிட்டவோ, வாக்காளர் இடாப்பில பேர் இருக்கோ, தாய் தகப்பன் பழைய மாணவரோ, அண்ணா அக்கா அங்க படிக்கினமோ எண்டுதான் புள்ளி போடுவினம். நேர்சரிக்கு எண்டு ஒரு புள்ளியும் கிடையாது. இது தெரியாமல் எத்தினை சனம் காசைக் கொட்டுது.

அதுக்குப் பிறகு அவனைப் பெரியாஸ்பத்திரியில காட்டினனாங்கள். காது சோதிச்சவை, நல்லாக் கேக்குதாம். அந்த ஒரு சொல்லைக் கேட்டப்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னவை, போனைக் குடுக்காதைங்கோ, குளிக்கேக்க, சமைக்கேக்க எல்லாம் அவனோட கதைச்சுக்கொண்டே இருங்கோ, மற்றப் பிள்ளையளோட சேர விடுங்கோ எண்டு சொன்னவை. சேர விடுறதுக்குத்தானே அம்மா நேர்சரி தேடுறன் எண்டு சொல்ல வாய் வந்தது, அழுகைதான் முந்தி வந்தது.

கடைசியா எங்கட ஒழுங்கை முடியிற இடத்தில சனசமூக நிலையத்தோட இருக்கிற முன்பள்ளிக்குப் போனன். இருவத்திரண்டு பிள்ளையள், ரெண்டு ரீச்சர்மார். நான் முதல் பாத்தது கிணத்தைத்தான், கட்டு உயரமா இருக்கு, மேல கம்பி வலை போட்டிருக்கினம், றோட்டுப் பக்கக் கேற்றுக்குக் கொளுக்கி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில. ரொய்லெற்றும் எட்டிப் பாத்தனான், சுத்தம். சாப்பாட்டுக்கு ஒருநாள் கடலை, ஒருநாள் பயறு, ஒருநாள் பழம், பிஸ்கட் பைக்கற் கொண்டரக் கூடாதாம். ரீச்சர் அவனிட்ட ஒண்டும் கேக்கேல்ல, நிலத்தில இருந்து மண்ணை ஒரு சிரட்டையில அள்ளி அவன்ர கையில குடுத்தா, அவன் வாங்கிக் கொட்டினான், திருப்பி அள்ளினான், அரை மணித்தியாலம் என்னைத் திரும்பிப் பாக்கேல்ல. கதைக்க மாட்டான் எண்டு நான்தான் சொன்னன், "அது வரும் அம்மா, இப்பிடி ரெண்டு பேர் எங்களிட்ட வந்தவை" எண்டா. அந்த ரீச்சர்மாருக்குக் கிடைக்கிற சம்பளத்தைக் கேட்டால் உனக்கு நெஞ்சு நோகும், நாங்கள் கட்டிற மாசக் காசே 1,000தான்.

காசு கட்டிப்போட்டன். இவர் இன்னும் அரை மனசு, இங்கிலிஷ் இல்லையாம். முதல் தமிழில ஒரு வசனம் வரட்டும் எண்டு சொல்லிப்போட்டன். விஜயதசமிக்குக் கோயிலில ஏடு தொடக்கேக்க ஐயர் விரலைப் பிடிச்சு அரிசியில ‘அ’ எழுதினவர், இவன் கத்தின கத்தில மேளகாரரே திரும்பிப் பாத்தவை. ஆனால் இப்ப நான் கறிக்கு வெட்டேக்க மா அரிக்கிற தட்டில தானே விரலால கோடு கீறுறான்.

குட்டி, ராவில நித்திரை வருகுதில்லையடி. உன்ர மூத்தவளும் பிந்தித்தானே கதைச்சவள், நீயும் அப்ப போனில அழுதனி, அண்டைக்கு எனக்கு அது விளங்கேல்ல, சும்மா எல்லாம் சரிவரும் எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன். அதுக்கு இப்ப மன்னிப்புக் கேக்கிறன். எத்தினை வயசில அவளுக்கு முதல் வசனம் வந்தது, அதுக்கு முதல் நீ என்னென்ன செய்தனி, ஒண்டும் விடாமல் எழுது.

உன்ர,
நெட்டை