ஈர்க்கு இல்லாத ஊரில் அடித்த கேக்

வார்டோ, நோர்வே
12.04.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள், அப்பா, குஞ்சியம்மா, தம்பி, தங்கச்சி எல்லோரும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். பொங்கலுக்கு அடுத்த நாள் நீங்கள் எழுதின கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. கொழும்பில் மாமாவிடம் கனநாள் கிடந்ததாம். கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் வரும்போது நனைந்ததோ என்னவோ, ஒரு பக்கம் முழுக்க மை கரைந்திருக்கிறது. ஆனால் "ஏன் மகன் ஒரு வரிகூட இல்லை" என்று நீங்கள் கேட்ட இடம் மட்டும் கரையவில்லை. அது வடிவாய்த் தெரிகிறது.

எழுதாமல் இருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை அம்மா. குளிர், இருட்டு, வேலை. நவம்பர் கடைசியில் இங்கே சூரியன் போனால் பொங்கல் கழிந்துதான் திரும்பி முகம் காட்டும். அது முழுசாய்த் தெரிகிற அன்றைக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுமுறை. இப்போது அந்தக் கவலை இல்லை, இரவு எட்டு மணிக்குக்கூட வெளிச்சம் கிடக்கிறது. குளிரும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. காற்றுத்தான். இந்தத் தீவில் மரம் என்று சொல்ல அந்தக் கோட்டைக்குள்ளே ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது. அப்படியென்றால் காற்று எப்படியென்று நீங்களே யோசியுங்கள்.

என்ன சமைக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய், ஒளிக்காமல் எழுது என்று கேட்டிருந்தீர்கள். அதே கடிதத்தில் சீனி விலையும் மண்ணெண்ணெய் விலையும் எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்த கையால் நான் இதை எழுதுவது சரியோ என்று பேனையை ஒருக்கா கீழே வைத்தேன். பேந்து, கேட்டது அம்மாதானே என்று எடுத்துவிட்டேன். நேற்று நான் கேக் அடித்தேன். சும்மா கேக் இல்லை. சொக்லேட் ஒரு அடுக்கு, தோடம்பழம் ஒரு அடுக்கு என்று நாலு அடுக்கு.

அது எப்படி வந்தது என்றால், இங்கே இப்போது ஈஸ்டர். வியாழன், வெள்ளி, ஞாயிறு, இன்றைக்குத் திங்கள் என்று எல்லாம் பூட்டு. வெள்ளைக்காரர் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். பையில் கட்டாயம் இரண்டு சாமான் இருக்கும்: ஒன்று தோடம்பழம், மற்றது 'க்விக் லுன்ஷ்' என்ற சொக்லேட். சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடு போட்ட கடதாசி. 1937 இலிருந்து வருகிறதாம். ஏன் ஈஸ்டருக்குத் தோடம்பழம் என்று கேட்டால், ஈஸ்டர் என்றால் தோடம்பழம்தானே என்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து வருகிற பழம், கடை வாசலில் பெட்டி பெட்டியாய் அடுக்கியிருக்கும். இதைவிட ஒரு புதினம், இந்த நாட்களில்தான் சனம் கொலைக்கதை வாசிக்கிறது. 1923 இல் தொடங்கின வழக்கம் என்கிறார்கள். பெரிய வெள்ளியும் அதுவுமாய்க் கொலைக்கதை. பெரியம்மாவிடம் சொல்லாதேங்கோ, இந்த நாட்டுக்கு விரதமே தெரியாதோ என்று கேட்பா.

பக்கத்து வீட்டு மனிசியைப் பற்றி முந்தி எழுதினேன்தானே, புருஷன் கடலில் போனவ. முழங்கால் வருத்தம், அதனால் அவ மலைக்குப் போகவில்லை. முற்றம் முழுக்கப் பனி. வீட்டின் தெற்குச் சுவரோடு ஒரு கதிரையைப் போட்டு, அதில் கலைமான் தோலை விரித்து, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முகத்தை வெயிலுக்கு நேரே பிடித்தபடி நாள் முழுக்க இருக்கிறா. மடியில் கொலைக்கதை. சுவர்ப்பக்கம் காற்றுப் படாது, வெயில் பட்டு மரப்பலகை சூடாய் இருக்கும், நானும் தொட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஒரு பை நிறையத் தோடம்பழம் தந்தா. சண்டை நேரம், 1944 இல், இந்த ஊர் குண்டு விழுந்து பெரும்பகுதி எரிந்ததாம். அப்போது அவ சின்னப்பிள்ளை. சண்டை முடிந்த பிறகுதான் முதல்முதலாய்த் தோடம்பழம் கண்டாவாம், உரிக்கத் தெரியாமல் தோலோடு கடித்தாவாம். அழுகைக் கதையாகச் சொல்லவில்லை, விழுந்து விழுந்து சிரித்தா. உங்கள் ஊரிலும் சண்டைதானே என்று கேட்டா. ஓம் என்றேன். அதோடு பேச்சு நின்றது.

எங்கள் வீட்டில் இப்போது நல்ல இடவசதி. காரைநகர்ப் பெடியன் ஒஸ்லோவுக்குப் போய்விட்டான், புங்குடுதீவு அண்ணை பேர்கனில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறார். குசினி முழுக்க எனக்குத்தான். அவ்வளவு பழத்தையும் ஒரு ஆள் எப்படித் தின்கிறது? வருஷமும் பிறக்கிறது, கேக் அடிப்போம் என்று நினைத்தேன்.

உங்கள் கணக்குத்தான் போட்டேன். இறாத்தல் பட்டர், இறாத்தல் சீனி, இறாத்தல் மா, பத்து முட்டை, எல்லாவற்றிலும் பாதி. இங்கத்தைய ஆட்கள் நிறுப்பதில்லை, எல்லாம் கோப்பையால் அளந்து டெசிலீற்றர் என்பார்கள். எனக்கு அது பிடிபடுவதில்லை. நிறுத்துப் போட்டால்தான் கேக் கேக்காய் வரும் என்று நீங்கள் சொல்கிறது சரிதான். இங்கே பட்டரில் உப்பு இருக்கும், அதனால் வேறு உப்புப் போடவில்லை. பட்டர் செங்கல் போல இருந்தது, இரவே வெளியில் எடுத்து வைத்தேன். காலையில் மரக்கரண்டியால் அடிக்கத் தொடங்கி, வெள்ளையாய்ப் பொங்கும்வரை கையை எடுக்கவில்லை. மெஷின் வாங்கலாம்தான், ஆனால் எனக்கு அந்தச் சத்தம் வேண்டும், சட்டியில் கரண்டி படுகிற சத்தம். முட்டையை ஒவ்வொன்றாய் விட்டேன். அவசரப்பட்டால் திரியும் என்று நீங்கள் பின்னால் நின்று சொல்கிற மாதிரியே இருந்தது.

பிறகு கலவையை இரண்டாய்ப் பிரித்தேன். ஒரு பாதிக்குக் கொக்கோவைச் சூடான பாலில் குழைத்து விட்டேன். சும்மா தூவினால் கட்டிபடும், கேக்கும் வறண்டு போகும். மற்றப் பாதிக்குத் தோடம்பழத் தோலைச் சுரண்டிப் போட்டு, இரண்டு கரண்டி சாறு. மேல் தோல் மட்டும்தான், வெள்ளையில் முட்டினால் கசக்கும். எங்கள் ஊர்த் தோடை பழுத்தாலும் பச்சை, இங்கே எல்லாம் செம்மஞ்சள். ஆனால் சுரண்டும்போது வருகிற வாசம் அதேதான் அம்மா. நான் இங்கே வந்து இத்தனை நாளில் ஒருநாளும் வீட்டை மணந்ததில்லை. நேற்று அந்தத் துருவியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அவண் மின்சாரம், 175இல் திருப்பிவிட்டால் அது தன்பாட்டில் வேகும். கீழே சிரட்டைக்கரி, மேல் தட்டத்தில் தணல் என்று நீங்கள் படுகிற பாடு ஒன்றும் இல்லை. தலை கறுக்குமோ, அடி பிடிக்குமோ என்று குனிந்து குனிந்து பார்க்கவும் தேவையில்லை. வெந்ததோ என்று பார்க்கத்தான் வழியில்லை. ஈர்க்குக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ப் பின்னல் ஊசி வாங்கிவந்து குத்தினேன். ஒட்டாமல் வந்தது.

ஆறவிட்டு, மேலே குவிந்த பக்கத்தைச் சீவி எடுத்தேன். பிறகு தையல் நூலைச் சுற்றிவரக் கட்டி இரண்டு முனையையும் இழுத்தால் கேக் நடுவால் வெட்டுப்படும், நீங்கள் றிபன் கேக்குக்குச் செய்கிற மாதிரி. இரண்டும் நாலாச்சுது. தோடம்பழச் சாறும் சீனியும் காய்ச்சி ஒவ்வொரு அடுக்குக்கும் கரண்டியால் விட்டேன், இந்தக் காற்றில் கேக் ஒரே நாளில் காய்ந்துவிடும். பட்டர் ஐசிங்குக்குக் கறுப்புச் சமையல் சொக்லேட்டைச் சுடுநீர்ச் சட்டிக்கு மேல் வைத்து உருக்கிச் சேர்த்தேன். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சொக்லேட் மண்ணாய்ப் போகும். விழவில்லை. மண்ணிறம், மஞ்சள், மண்ணிறம், மஞ்சள் என்று அடுக்கி முடித்தபோது நேராய்த்தான் நின்றது. குஞ்சியம்மா வெட்டின றிபன் கேக்கைவிட நேர் என்று எழுதினால் அடிக்க வருவா, எழுதவில்லை.

மனிசிக்கு ஒரு பெரிய துண்டு கொண்டுபோனேன். பார்த்தா, திருப்பித் திருப்பிப் பார்த்தா, "கிறீம் எங்கே?" என்று கேட்டா. இங்கே கேக் என்றால் அடித்த பாலாடை மலையாய் ஏறியிருக்க வேண்டும். எழும்பிப் போய்க் கிறீம் அடித்துக்கொண்டுவந்து, எங்கள் ஐசிங்குக்கு மேலேயே கொட்டினா. நீங்கள் நின்றிருந்தால் தட்டைப் பறித்திருப்பீர்கள். ஆனால் சொல்லக்கூடாது, அந்தச் சொக்லேட்டின் கசப்புக்கும் பழத்தின் புளிப்புக்கும் அது நல்லாய்த்தான் இருந்தது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினா. போகும்போது ஒரு க்விக் லுன்ஷ் தந்தா. அந்தக் கடதாசியின் உட்பக்கம் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது விதி அச்சடித்திருக்கும். எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்று. மலைக்குப் போகிறவர்களுக்குச் சரி.

சீவி எடுத்த துண்டுகள் ஒரு கோப்பை நிறைய மேசையில் இருந்தன. எங்கள் வீட்டில் அது ஐந்து நிமிஷம் இருக்குமா? தம்பி ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம், நீங்கள் அகப்பைக் காம்பைத் தூக்க, அப்பா நடுவில் நைசாய் ஒரு துண்டை வாய்க்குள் போட்டுக்கொண்டு போவார். இங்கே இரவுவரை அப்படியே இருந்தது. எனக்குத் தொட மனம் வரவில்லை. யாராவது வந்து பறித்தால் தின்றிருப்பேன். நான் வந்த பிறகு வீட்டில் ஒரு கேக்காவது அடித்தீர்களா அம்மா? முட்டை கிடைக்கிறதா? அந்த அலுமினியச் சட்டி இன்னும் இருக்கிறதா, அல்லது இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்தீர்களா? நீங்கள் எழுதவே இல்லை.

சரி, இதை விடுவோம்.

தங்கச்சிக்குப் பேசுகிற மானிப்பாய் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீடு வளவு முழுக்கச் சீதனமாய்க் கேட்கிறார்கள் என்று அப்பா எழுதியிருந்தார். மாப்பிள்ளை நல்ல பிள்ளை என்று எனக்கும் கேள்விதான். ஆனால் முழு வளவும் கொடுக்க வேண்டாம். மேற்குப் பக்கப் பாதியும் கிணற்றில் பங்கும் வழி வாய்க்காலும் எழுதலாம். வீடு அம்மா, அப்பா காலத்துக்குப் பிறகு என்று உறுதியில் போடச் சொல்லுங்கள். அதுக்கும் மேலே கேட்டால் வேறு இடம் பார்க்கலாம். தங்கச்சிக்கு இருபத்தி மூன்றுதான், வயது ஒன்றும் போய்விடவில்லை. அவளிடம் ஒருக்கா கேளுங்கள், என்ன சொல்கிறாள் என்று. கடிதத்தில் அவள் எழுதின பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

என்னை அனுப்ப ஈடு வைத்த தோட்டக் காணியைச் சித்திரைக்குள் மீட்கலாம் என்று சொன்னேன்தானே, அது ஆவணிக்குப் போகும். இந்த மாதமும் அடுத்த மாதமும் வழமையான காசு வராது. வங்கியில் ஏதோ கணக்கு மாற்றுகிறார்கள், அதுதான் தாமதம். மீன் வரத்துக் கொஞ்சம் குறைவு என்று தொழிற்சாலையில் எங்களுக்கு ஓய்வும் தந்திருக்கிறார்கள். வெளிச்ச மேசையில் நின்று மீனுக்குள் புழுப் பார்த்த கண்ணுக்கு ஓய்வு நல்லதுதானே. மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் எட்டாயிரம் ரூபா தருவார், அதை நான் அவருக்குப் பேந்து கொடுப்பேன். வட்டி கட்டினதும் சிட்டை வாங்கி வையுங்கள். போன தரம் வாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்பா கேட்டால் வங்கி என்று மட்டும் சொல்லுங்கள்.

தம்பி விஷயம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வீட்டுக்கு வந்து போகிறான் என்று அறிந்தேன். ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். தம்பி ஆவணியில் ஏ.எல். (உயர்தர) சோதனை எடுக்கட்டும். ஜாம் போத்தல் விளக்கில் படித்துக் கண் கெடுகிறது என்று சொல்கிறானாம். அண்ணன் சொன்னேன் என்று சொல்லுங்கள், அதே விளக்கில் அவனுடைய சிநேகிதர் எல்லோரும் படிக்கிறார்கள். சோதனை முடியட்டும், நானே வழி பார்க்கிறேன். அவன் கோபித்தால் எனக்கு நேரே எழுதச் சொல்லுங்கள், உங்களோடு கத்த வேண்டாம்.

குஞ்சியம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்ததை இப்போதுதான் அறிகிறேன். யாழ்ப்பாணத்தில் கண் பார்த்த துண்டு இருந்தால் அதிலிருக்கிற நம்பரை, இரண்டு கண்ணுக்கும் வேறு வேறாய், அடுத்த கடிதத்தில் தெளிவாய் எழுதி அனுப்புங்கள். கொழும்பில் செய்வித்து மாமா அனுப்புவார். பென்சிலால் எழுத வேண்டாம், அழிந்துபோகும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவன்